காய்ச்சல் வராதவள்

மார்கழி 4, திங்கள்

விடியவே மழை. பிறகு வெயில். பிறகும் மழை. கொடியில் போட்ட அப்பாவின் சாரம் இன்னும் காயவில்லை.

மாமியும் காய்ச்சலில் விழுந்துவிட்டார். முதலில் அப்பா, பிறகு அம்மா, இப்போது அப்பாவின் தங்கை. இந்த வீட்டில் நிமிர்ந்து நடப்பது நானும் மாடும் மட்டும். அண்ணா வவுனியாவுக்குக் கடை வேலைக்குப் போனவன், சண்டையில் பாதை பூட்டியதோடு அந்தப் பக்கமே நின்றுவிட்டான். கடிதம்கூட இல்லை.

நான் படிப்பிக்கிற முன்பள்ளியும் பூட்டு. பிள்ளைகள் எல்லாருக்கும் காய்ச்சல். ரீச்சருக்கு லீவு என்று ஊரில் கதை. நல்ல லீவு.

இந்தக் காய்ச்சல் வருத்தத்தின் பெயர் சிக்குன்குனியாவாம். மாமியின் வாயில் அது சிக்கன்குனியா. சிக்கன் என்றால் கோழி என்பது மாமிக்குத் தெரியும். ஆகவே போன கிழமை எங்கள் கோழிகள் எல்லாவற்றையும் வேலிக்கு அந்தப் பக்கம், பரமேஸ் அக்கா வளவுக்குத் துரத்திவிட்டார். அன்றிரவே அங்கிருந்து குழம்பு மணம். எங்களுக்குக் கொத்தமல்லித் தண்ணீர். கோழியைத் துரத்தியும் மாமிக்குக் காய்ச்சல் வந்ததுதான் வந்தது.

குனியா என்பது மட்டும் சரி. மூன்று பேராலும் குனிய முடியாது.

மார்கழி 6, புதன்

மண்ணெண்ணெய் முடியப் போகிறது. விளக்கை வெள்ளனவே அணைக்க வேண்டும்.

அப்பாவுக்கு: நொச்சித் தண்ணீரில் ஒத்தணம், குளிசை, வயல் கதை. அம்மாவுக்கு: தலை இழுத்துக் கட்ட வேண்டும், கை தூக்க மாட்டார். மாமிக்கு: எல்லாம். சம்பளமாக ஏச்சு.

அம்மாவின் தலையில் ஒரே சிக்கு. "மெல்ல இழு பிள்ளை" என்றார். நான் மெல்ல இழுக்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையைக் கொடுத்தார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பின்னேரம் பரமேஸ் அக்கா வேலிக்கு மேலால்: "உனக்கு இன்னும் வரேல்லையே? இரும்பு ரத்தம் பிள்ளை உனக்கு. குடுத்து வைச்சனி."

குடுத்து வைத்தவள். மூன்று பாய்க்கும் நடுவில் ஓடுகிறவள். ஒருவர் கூப்பிட்டு முடிய மற்றவர். கூப்பிடாத நேரத்திலும் காதில் "பிள்ளை, பிள்ளை" என்று கேட்கிறது.

எனக்குக் காய்ச்சல் வேண்டும்.

எழுதிப் பார்த்தேன். வானம் இடிந்து விழவில்லை. சாக வேண்டும் என்று இல்லை, அதையும் எழுதிவைக்கிறேன். படுக்க வேண்டும். சுவரைப் பார்த்தபடி. யாராவது வந்து "இப்ப எப்பிடி?" என்று கேட்க வேண்டும். காய்ச்சல்காரரைத்தான் இந்த ஊரில் அப்படிக் கேட்கிறார்கள்.

பொழுதுபட்ட பிறகு வாழையடியில் காலை நீட்டிக்கொண்டு இருந்தேன். இந்தக் காய்ச்சலை நுளம்புதான் பரப்புதாம். நல்லாகக் கடித்தது. தட்டவில்லை.

மார்கழி 9, சனி

மூன்று இரவாக வாழையடி. உடம்பு கல்லுப்போல் இருக்கிறது.

ஆஸ்பத்திரி. குளிசைக்கு வரிசை. எனக்கு முன்னால் செல்வி. மேட்டுப் பக்கம் குடியேறிய மலையகக் குடும்பம். தாய் இல்லை. தகப்பனும் தமையனும் பாயில். தங்கச்சி என் முன்பள்ளியில் படிக்கிறவள். வீட்டையும் பார்த்து, கூலிக்குப் புல்லுப் பிடுங்கவும் செல்விதான் போகிறாள்.

"என்னா டீச்சர், மூஞ்சி இப்பிடி வத்திப் போயிருக்கு?"

"நித்திரை இல்லை செல்வி."

"தூங்காட்டி பைத்தியம் புடிச்சிரும்."

"பிடிச்சிட்டுதோ எண்டுதான் நானும் பாக்கிறன்."

பகிடியாகச் சொல்ல வெளிக்கிட்டேன், குரல் பகிடியாக வரவில்லை. அவள் சிரிக்கவும் இல்லை. மெதுவாகச் சொன்னாள்: "நான் கெணத்துக்குள்ள தலைய வுட்டுக் கத்துவேன். அப்பா என்னான்னு கேட்டா, வாளி வுழுந்திருச்சுன்னு சொல்லிருவேன்."

அதைக் கேட்டதும் எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. வரிசையில் நின்றதால் கட்டிப்பிடிக்கவில்லை.

அந்த நேரம் சுகாதாரப் பகுதித் தம்பி ஒருவர் கதிரையில் ஏறி நின்று விளக்கம்: "இந்த நுளம்பு பகலிலதான் கூடக் கடிக்கும். சிரட்டை, பழைய ரயர், அதுகளில நிக்கிற மழைத் தண்ணியிலதான் முட்டை போடும். கவிட்டு விடுங்கோ."

பகலில். நான் இவ்வளவு நாளும் வேறு நுளம்புக்குக் காலை நீட்டியிருக்கிறேன். காய்ச்சல் பிடிக்கக்கூட எனக்கு ஒழுங்காகத் தெரியவில்லை. அடக்க முடியாத சிரிப்பு. செல்விக்குக் காரணம் தெரியாது, அவளும் சேர்ந்து சிரித்தாள். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

குளிசை கேட்டதில் பாதிதான் தந்தார்கள்.

மார்கழி 11, திங்கள்

எழுத்து கோணல்.

சோறு வடிக்கும்போது கிபிர் விமானம் வந்தது. இரைச்சல் கேட்டதும் அம்மாவை இழுத்துக்கொண்டு பின்வளவு பங்கர்க் குழிக்கு ஓடினேன். ஓடியது நான், அம்மா காலை இழுத்து இழுத்து வந்தார். பங்கர் வாசல் பதிவு, உயரமில்லை. படி ஒடுக்கம். நல்லாகக் குனிந்தால்தான் இறங்கலாம். அம்மா படியில் இருந்தபடி வழுக்கி இறங்கினார். அப்பா தவண்டு வந்து தலைகீழாகப் போனார். மாமி வாசல் மரத்தைப் பிடித்தபடி நின்றார்.

"என்னால குனியேலாது. விடடி. வாறது வரட்டும்."

"இறங்குங்கோ மாமி!"

"ஏலாது எண்டுறன்!"

தள்ளினேன். தோளில் கை வைத்து உள்ளே தள்ளினேன். மாமி கத்தியது விமான இரைச்சலுக்கு மேலால் கேட்டது. குண்டு எங்கேயோ தூரத்தில் விழுந்தது. மண் மட்டும் உதிர்ந்தது.

யாருக்கும் ஒன்றும் இல்லை. மாமியின் முழங்காலில் தோல் போய்விட்டது. மருந்து போட்டேன். அவர் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

உறுத்துவது தள்ளியதுகூட இல்லை. அந்த வாசலில் நிற்கும்போது எனக்குள் ஒரு எண்ணம் வந்தது. இந்த மூன்று பேரும் இல்லையென்றால் நான் எவ்வளவு கெதியாக உள்ளே குதித்திருப்பேன் என்று. கண் மூடித் திறக்கிற நேரம்தான். ஆனால் வந்தது. என்னுடைய அம்மா, என்னுடைய அப்பா. நான் என்ன மனுசி?

மார்கழி 12, செவ்வாய்

சோற்றில் உப்பு இரண்டு தரம். கறியில் இல்லை. அப்பா இரண்டையும் குழைத்துச் சாப்பிட்டு, "கணக்காத்தான் இருக்கு" என்றார்.

தேங்காய் திருவும்போது அழுகை. தேங்காய்ப் பூவில் கண்ணீர். கழுவிவிட்டுப் பால் பிழிந்தேன், வேறு தேங்காய் இல்லை. மாட்டிடம் போய் "இப்ப எப்பிடி?" என்று கேட்டேன். அது என்னைத் திருப்பிக் கேட்கவில்லை. எனக்கு விசர்தான் பிடிக்குதோ தெரியாது.

மத்தியானம் மூவரும் நித்திரை. மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் ஒரு பழைய ரயர் கிடக்கிறது. நான் இன்னும் கவிழ்க்கவில்லை. பக்கத்தில் இருந்து, சட்டையை முழங்கால் வரை உயர்த்திவிட்டுக் காத்திருந்தேன். இந்த முறை சரியான நுளம்பு, சரியான நேரம்.

"என்னடி செய்யிறாய்?"

மாமி. மண்வெட்டிப் பிடியை ஊன்றிக்கொண்டு, இரண்டாய் மடிந்து. எப்படி அவ்வளவு தூரம் நடந்தாரோ தெரியாது. பொய் சொல்லக் களைப்பாக இருந்தது. உள்ளதைச் சொன்னேன்.

மாமிக்கு வந்ததே கோபம்! "நான் ஒவ்வொரு மூட்டா நொந்து சாகிறன். நீ அதை வேண்டிக்கொண்டு காலை நீட்டிக்கொண்டு இருக்கிறாயோ? உனக்கென்ன விசரே?"

"எனக்குப் படுக்க வேணும் மாமி."

"படன்! ஆர் உன்னைப் பிடிச்சு வைச்சிருக்கினம்?"

"சும்மா படுத்தா அம்மா ஆக்களுக்கு ஆர் செய்யிறது? காய்ச்சல் இல்லாமல் படுத்தா ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

மாமி ரயரை மண்வெட்டிப் பிடியால் நெம்பினார். கவிழவில்லை. நான் எழும்பிக் கவிழ்த்துவிட்டேன். தண்ணீர் இருவர் காலிலும் ஓடியது.

"அப்ப காய்ச்சல் எண்டு சொல்லுவம்" என்றார்.

மாமி பொய் சொன்னால் இந்த ஊர் நம்பும். அந்தத் திறமை அவருக்குப் பிறவியிலேயே இருக்கிறது.

மார்கழி 13, புதன்

பாயில் கிடந்து எழுதுகிறேன். பட்டப்பகலில்!

விடிய மாமி வேலிக்குப் போய் ஊருக்கே கேட்க: "பரமேஸ்! எங்கட பிள்ளைக்கும் வந்திட்டுது! நெருப்பாக் கொதிக்குது!"

"ஐயோ, அந்த இரும்புக்குமே!"

அம்மாவுக்கு உண்மை தெரியும். மாமி இரவே சொல்லியிருக்கிறார். அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து பக்கத்தில் இருந்தார். "இப்ப எப்பிடி பிள்ளை?" என்று கேட்டார். நாடகத்துக்குத்தான் கேட்டிருப்பார். ஆனால் நான் சுவர்ப் பக்கம் திரும்பிக் குலுங்கிக் குலுங்கி அழுதேன். அம்மா முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். கை உயரவில்லை, கீழ்முதுகைத்தான் தடவினார்.

அப்பா மாட்டை அவிழ்த்தார். அம்மா ரொட்டி சுட்டார், ஒரு பக்கம் கரி. மாமி கதிரையில் இருந்தபடி இரண்டு பேரையும் ஏசினார். நான் இல்லாமலும் அடுப்பு எரிகிறது. கொஞ்சம் கவலையாகக்கூட இருந்தது.

மத்தியானம் பரமேஸ் அக்கா சூப் கொண்டுவந்தார். கோழிச் சூப். எங்கள் கோழி. மாமி முகம் கறுத்தது. அக்கா போன பிறகு என் காதில்: "உனக்குத்தானே ஒண்டுமில்லை, நீ குடிக்கலாம்."

நித்திரை. எழும்பி மறுபடி நித்திரை.

பின்னேரம் மாமி பக்கத்தில் கிடந்தார். பங்கர் வாசலில் வந்த எண்ணத்தை அவருக்குச் சொன்னேன். ஏசுவார் என்று பார்த்தேன். "எனக்கும் வந்தது. இவள் என்னை விட்டிட்டுக் குதிக்கிறாளில்லையே, சனியன் எண்டு" என்றார். "நல்லாத்தான் தள்ளினாய்."

இருவரும் பாய் குலுங்கச் சிரித்தோம். அம்மா வந்து, காய்ச்சல்காரி சிரிக்கிறது றோட்டுக்குக் கேட்குது என்று வாயைப் பொத்தினார்.

மார்கழி 15, வெள்ளி

நல்ல வெயில். எல்லாம் காய்ந்தது, சாரம் உட்பட.

"காய்ச்சல்" விட்டுவிட்டது. எழும்பியாயிற்று. எல்லாம் மாறிவிட்டது என்று எழுத மாட்டேன். இன்று காலையும் காரணமில்லாமல் அழுகை வந்தது. வந்து போனது. கழுத்தில் இருந்த பாரம் இல்லை.

அப்பா பங்கர்ப் படியை அகலமாக வெட்டுகிறார். நான்கு கொத்துக் கொத்துவார், இருப்பார், முழங்காலை உருவுவார், மறுபடி கொத்துவார். இனிக் குனியாமல் இறங்கலாம். பிடிக்க ஒரு கயிறும் கட்டினார். "நான் கொத்துறன் அப்பா" என்றதற்கு, "இது என்ர வேலை, நீ போய்ப் பயிரைப் பார்" என்றார்.

போனேன். குளத்துத் தண்ணீர் வாய்க்கால் நிறைய. பயிர் நல்ல பச்சை. வரம்பில் சும்மா இருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. காதிலும் கேட்கவில்லை.

மார்கழி 17, ஞாயிறு

நேற்று வயலால் வரும்போது செல்வியைக் கண்டேன். பேச வாயைத் திறந்தாள், காற்றுத்தான் வந்தது. தொண்டை அடைத்துப் போயிருக்கிறது. கிணறு குரலை மிச்சம் வைக்கவில்லை. "ஒன்னும் இல்ல டீச்சர்" என்று கையைக் காட்டிவிட்டுப் போனாள். புல்லுப் பிடுங்கிய விரல்கள் வெடித்திருந்தன.

மாமியிடம் சொன்னேன். "பொய் சொல்லுறதெண்டால் நேர சொல்லிப்போடு. இழுக்காதை" என்று பயிற்சி தந்தார்.

இன்று விடியக் கஞ்சியைக் காய்ச்சி வாளியில் எடுத்துக்கொண்டு மேட்டுப் பக்கம் போனேன். செல்வி முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். கோடாலியை வாங்கி வைத்தேன்.

"உங்களுக்கு இண்டைக்குக் காய்ச்சல்."

"எனக்கா? எனக்கு ஒன்னும்..."

"இருக்கு. படுக்க வேணும். நான் சமைச்சு வைச்சிட்டுத்தான் போவன்."

அவளுக்கு விளங்கியது. விளங்கியதும் முகம் ஒரு மாதிரிப் போனது. "அப்பா நம்ப மாட்டாரு" என்றாள், பாதிக் காற்றும் பாதிக் குரலுமாக. "அவரு தொட்டுப் பாத்திருவாரு. வேணாம் டீச்சர்."

உள்ளே இருந்து தகப்பன்: "என்னா அங்க? யாரு?"

"ரீச்சர், ஐயா. செல்விக்குக் காய்ச்சல்" என்றேன், மாமி சொன்னபடி இழுக்காமல்.

அவர் வந்தார். கதவு நிலையைப் பிடித்து, பிறகு சுவரைப் பிடித்து, வீங்கிய காலை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து. அந்தச் சின்ன முற்றத்தைத் தாண்ட அவருக்கு நெடுநேரம் எடுத்தது. வந்து, நோகிற கையை மெல்ல மெல்ல உயர்த்தி, மகளின் நெற்றியில் வைத்தார்.

எடுக்கவில்லை. கையை அப்படியே வைத்துக்கொண்டு விறகைப் பார்த்தார். தண்ணீர்க் குடங்களைப் பார்த்தார். அவளுடைய விரல்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குளிர்ந்த நெற்றி அது, எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"ஆமா தாயி" என்றார். "ரொம்பக் கொதிக்குது. ரொம்ப நாளாவே கொதிச்சிருக்கு. போய்ப் படு."

கையை எடுக்கப் போனார். செல்வி விடவில்லை.