பனிமலை பார்க்கப் போகுமுன்

ரோசிலியைப் பெற்ற என் ராசாவுக்கு,

கடுதாசி எழுதி எனக்குப் பழக்கமில்லை. கன்னியாஸ்திரி பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் படித்த எழுத்துதான். நீ அஸ்ஸாமில் பட்டாள வேலையில் இருந்தபோதுகூட நான் எழுதியது இரண்டே கடுதாசி. இனி நீ படிக்கப்போவதில்லை என்று தெரிந்த பிறகு எழுதவேண்டும் போலிருக்கிறது. இது என்ன புத்தியோ.

சண்டை முடிந்து மூன்று வருஷம் ஆகிறது. வெள்ளைக்காரனும் போய்விட்டான். உன் மகள் என் தோளுக்கு வரப்போகிறாள். நான் இன்னும் சாந்தோம் கரையில் மீன் எடுத்து, கூடையைத் தூக்கிக்கொண்டு அடையாறு வரை நடக்கிறேன்.

அங்கே டாக்டர் வீடு உனக்கு நினைவிருக்கும். வஞ்சிரம் என்றால் உயிரை விடுவார்களே, அந்த வீடு. உன் விமானம் பனிமலையில் விழுந்துவிட்டது, ஒருவர் உடம்பும் கிடைக்கவில்லை என்று பட்டாளத்திலிருந்து வந்த காகிதத்தை எனக்குப் படித்துச் சொன்னது அந்த வீட்டு அம்மாதான். விமானத்திலிருந்து அரிசி மூட்டையைத் தள்ளிவிடுகிற வேலை, பயம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாய். கடலில் போகிறவனுக்கு மலையில் என்ன வேலை என்று நான் அப்போதே கேட்டிருக்கவேண்டும். கேட்டேனா? நினைவில்லை.

போன மாதம் அந்த வீட்டில் மேசை முழுக்க ஒரு தேசப்படத்தை விரித்து வைத்திருந்தார்கள். அம்மாவின் தம்பி அஸ்ஸாமில் விமானம் ஓட்டுகிறவர், லீவில் வந்திருந்தார். மழைக்காலம் கழிந்ததும் குடும்பமாக அங்கே போய், அவருடைய விமானத்தில் ஏறி, பனிமலைகளை மேலேயிருந்து சுற்றிப் பார்த்துவிட்டு வருவது என்று ஏற்பாடு. யார் யாருக்குக் கம்பளி தைக்கவேண்டும், எந்த மாதம் மேகம் இருக்காது, பிளாஸ்கில் காப்பியா டீயா என்று ஒரே பேச்சு. நான் பின்கட்டில் மீன் ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா என்னிடம் வந்து, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், நீ வருகிறாயா என்றார். "உன் வீட்டுக்காரர் போன வழியாத்தான் போறோம், ஆரோக்கியம். பார்க்கணும்னு இருந்தா வா. மனசு வரலன்னா நான் வேற ஆள் பார்த்துக்கறேன்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு மீதிச் செதிலையும் உரித்தேன்.

மறுநாள் அந்தத் தம்பியிடம் கேட்டேன். என் வீட்டுக்காரர் விழுந்த இடத்துக்கு மேலே கொஞ்ச நேரம் நிறுத்துவீர்களா என்று. கடலில் ஒருவன் போன இடம் தெரிந்தால் நாம் நங்கூரக் கல்லை இறக்கிக் கட்டுமரத்தை நிறுத்தி, பூப்போட்டு, செபம் சொல்லிவிட்டு வருவோமே, அதை நினைத்துத்தான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "விமானம் நின்னா விழுந்துடும்மா" என்றார். தலைக்கு மேலே விசிறி வைத்து, ஆகாயத்தில் ஒரே இடத்தில் நிற்கிற யந்திரம் வெளிநாட்டில் வந்துவிட்டதாம். ஹெலிகாப்டர் என்றார். இந்தப் பக்கம் அது இன்னும் வரவில்லையாம். விமானத்தில் ஜன்னலும் திறக்காதாம்.

எந்த மலை என்றாவது காட்டுவீர்களா என்றேன். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளங்கையை அதன்மேல் வைத்து, இதற்குள் எங்கேயோ என்றார். உங்கள் கைக்குள் எத்தனை மலை என்று கேட்டேன். எண்ணியதில்லை என்றார்.

இதை உன் அம்மாவிடம் சொன்னதுதான் நான் செய்த தப்பு. இதுநாள்வரை உன் ஆத்துமாவுக்குக் கோயிலில் ஒரு பூசை வைக்க அவள் விட்டதில்லை. உடம்பைக் கண்ணால் பார்க்காமல் என் பிள்ளையைச் செத்தவன் என்று சொல்லாதே என்பாள். கல்லறைத் திருநாளுக்குக் குப்பமே மெழுகுவர்த்தி வாங்கும், நம் வீட்டில் வாங்கக்கூடாது. பனிமலை என்றதும் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"பனின்னா ஐஸுதானே?"

ஆமாம் என்றேன்.

"ஐஸுல வெச்ச மீனு கெட்டா பூடுது? கண்ணைத் தொறந்துக்கினு அப்படியே கீதே. எம்புள்ளயும் அப்படித்தான் கெடப்பான். மேலேர்ந்து நல்லா குனிஞ்சு பாருடி. தெரிவான்."

அன்றிலிருந்து தினமும் இதே பேச்சு. நீ என்ன நிறத்தில் சட்டை போட்டிருப்பாய், வெள்ளையில் அது எடுத்துத் தெரியுமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். குழாயடியில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். பக்கத்து வீட்டு லூர்து என்னைப் பார்த்து, "இன்னாக்கா, ஆகாசத்துல போயி புருசனத் தேடப்போறியாமே" என்கிறாள். ஐஸில் வைத்து வருகிற மீனைத் தொட எனக்கு இப்போதெல்லாம் கை கூசுகிறது. கண்ணைப் பார்க்காமல் அறுக்கிறேன்.

போனால் கீழே வெள்ளைதானே தெரியும்? திரும்பி வந்து என்ன சொல்வேன்? பார்த்தேன் என்றால் பொய். பார்க்கவில்லை என்றால், அப்போ என் பிள்ளை அங்கே இல்லை, எங்கேயோ உயிரோடு இருக்கிறான் என்பாள். அவளைச் சொல்கிறேனே, நான் மட்டும் என்ன? பக்கத்தில் டாக்டர் வீட்டார் அழகு அழகு என்று பேசிக்கொண்டிருக்க, நானும் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு உன் சட்டையைத்தான் தேடுவேன். அதுதான் எனக்குப் பயமாயிருந்தது. தேடப்போகிறவளாக நான் அங்கே போகக்கூடாது.

நேற்றுக் காலையில் உன் அம்மாவிடம் சொன்னேன், மலைக்குப் போகுமுன்னே உனக்கு மரித்தவர் பூசை வைக்கப்போகிறேன் என்று. "அவன நீயே சாவடிச்சிட்டுப் போறே" என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள் என் கையால் கஞ்சி வாங்கவில்லை. ரோசிலி கொடுத்ததும் குடித்தாள்.

கோயிலில் சாமியார் பூசை எழுதுகிற நோட்டை எடுத்து, யாருக்கு என்றார். என் வீட்டுக்காரருக்கு என்றேன். பேர் என்றார்.

கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஒரு தடவைகூட உன் பேர் என் வாயில் வந்ததில்லை. புருசன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று உன் அம்மாதான் சொல்லிக்கொடுத்தாள். ரோசிலியைக் கூட்டிவந்து சொல்லவைத்திருக்கலாம். எழுதிக் காட்டலாமா என்றும் பார்த்தேன். பிறகு சொன்னேன். சவரிமுத்து. சாமியாருக்குச் சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

பூசை திங்கட்கிழமை. உன் அம்மா வந்தாலும் வராவிட்டாலும் நானும் ரோசிலியும் முன்னால் முழங்காலில் இருப்போம். அதற்குப் பிறகுதான் ரயில். மேலே போனதும் நான் குனிந்து தேடமாட்டேன், இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. மலையை மலையாகப் பார்ப்பேன். பார்த்ததைப் பார்த்தபடியே வந்து உன் அம்மாவிடம் சொல்வேன். அவள் நம்பாவிட்டால் மறுநாளும் சொல்வேன்.

இப்படிக்கு,
சவரிமுத்துவின் பெண்சாதி
ஆரோக்கியமேரி