கூடையில் மீந்த அட்டை

அக்கா,

லேமினேட் இயந்திரம் சூடானதும் வருமே ஒரு பிளாஸ்டிக் வாசம், அது இப்போது என் விரல்களில் இருக்கிறது. இரண்டு முறை சோப்பு போட்டுக் கழுவியும் போகவில்லை. டிசம்பர் கடைசிச் சனிக்கிழமை சபையில் எனக்கு இதுதான் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். டயர் கடைக்கு மேல்மாடியில், நம் சபையின் பின்னறையில் உட்கார்ந்து, புத்தாண்டு ஆராதனையில் ஆளுக்கொன்றாக எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளைச் செய்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு வசனம். அந்த வருடம் முழுவதும் ஆண்டவர் உனக்குச் சொல்வது இதுதான் என்று அவரவர் நம்பி எடுத்துப் போவார்கள். உறைத்தாள் தீர்ந்துபோனதால் பாஸ்டரின் மேசை இழுப்பறையைத் திறந்தேன். தாள்களுக்கு அடியில் உங்கள் அட்டை கிடந்தது.

இளநீல அட்டை. ஒரு மூலை மடங்கியிருந்தது. இழுப்பறையை மூடினேன், மறுபடி திறந்தேன், மறுபடி மூடினேன். அதற்கப்புறம் வேலை ஓடவில்லை. ஒரே வசனத்தை மூன்று முறை அச்செடுத்து, மூன்றையும் கோணலாக வெட்டி, குப்பையில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். உங்கள் அடக்கத்தன்று நான் எல்லார் முன்பும் எழுந்து நின்று, அக்காவிடம் நான் எதையும் மறைத்ததில்லை என்று சொன்னேன். அது பொய். இப்போது சொல்லிவிடுகிறேன், வழக்கம்போல் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

நாம் பழகியது பாசிர் கூடாங் தொழிற்சாலை பஸ்ஸில். நீங்கள் பேக்கிங் பகுதியில், நான் ஸ்டோர் ஆபீசில். ஞாயிற்றுக்கிழமைகளில் ஷிப்ட் முடிந்து கம்பெனி டீ-சட்டையோடு நேராக ஆராதனைக்கு வருவீர்கள். மற்றவர்கள் ஜெபித்தால் கீழே டயர் கடைக்காரர் அண்ணாந்து பார்ப்பார். நீங்கள் ஜெபித்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஏன் என்று கேட்டதற்கு, "அவருக்குக் காது நல்லாத்தான் கேக்குதுலா" என்றீர்கள். என் முன்கோபத்தைப் பற்றியும் ஒன்று சொல்வீர்கள். "ஒனக்குக் கோவம் வந்தா கர்த்தரே கொஞ்சம் ஒதுங்கித்தான் நிப்பாரு." நான் சிரித்திருக்கிறேன். சிரித்திருக்கக் கூடாது.

உங்களுக்கு நோய் கண்ட வருடத்தின் தொடக்கத்தில் நீங்கள் எடுத்த அட்டை உபத்திரவத்தைப் பற்றியது. மார்ச்சில் மார்பில் கட்டி என்று தெரிந்தது. அந்த வருடக் கடைசியில் ஒருநாள் உங்களுக்கு கீமோ முடிந்து, என் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே நகராமல் நின்றபோது, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்.

"இந்த வருஷம் வந்தத நான்தானே கையால எடுத்தேன். வர்ற வருஷம் என்ன வருமோ, பயமா இருக்கு."

பயம் என்ற சொல்லை உங்கள் வாயிலிருந்து நான் அதுவரை கேட்டதில்லை. ஒரு துண்டு அட்டைக்கு இவர் பயப்படும்படி ஆயிற்றே என்று எனக்கு ஆண்டவர் மேல் கோபம் வந்தது. நீர் கொடுக்காவிட்டால் நான் கொடுக்கிறேன் என்று நினைத்தேன். என் விசுவாசம் அவ்வளவுதான். நோயை எல்லாம் நீக்கி ஆயுளைக் கூட்டித் தருவதாக வரும் ஒரு வசனத்தைத் தேடி எடுத்து, இளநீல அட்டையில் தனியாகச் செய்து வைத்துக்கொண்டேன்.

புத்தாண்டுக் காலையில் பாஸ்டர் பிரம்புக் கூடையின் மேல் கை வைத்து ஜெபித்தார். நான்தான் வரிசை வரிசையாகக் கொண்டு போனேன். அந்த அட்டை என் இடது உள்ளங்கையில், கூடையின் அடியில் ஒளிந்திருந்தது. உங்களுக்குக் குமட்டல் இருந்ததால் கடைசி வரிசையில், காற்றாடிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். உங்களிடம் வரும்போது கூடையில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். எப்படி மாற்றிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்களே வழி விட்டீர்கள். "விரல் நுனி மரத்துப்போச்சு, நீயே எடுத்துக் குடு" என்றீர்கள். கொடுத்தேன். நீங்கள் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். நான் அடுத்த வேலையைப் பார்க்கப் போவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

கூடையில் கிடந்த உங்கள் உண்மையான அட்டையைப் படிக்காமலே என் வேதாகமத்தின் அட்டை உறைக்குள் செருகினேன். படித்தால், உங்களுக்கு வந்ததைத் திருடியது நான்தான் என்று உறுதியாகிவிடும். ஏதோ பழைய ரசீதைப்போல அது அங்கேயே இருந்தது.

உங்கள் வீட்டுக்காரரை, நான் அண்ணன் என்று கூப்பிடும் மனிதரை, நான் கணக்கில் எடுக்கவே இல்லை. அந்த அட்டையை உங்களைவிட அதிகமாக நம்பியவர் அவர்தான். சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து, "டாக்டர் என்ன வேணும்னாலும் சொல்லட்டும், கர்த்தர் எழுதியே குடுத்துட்டாரு" என்றார். சபை முழுக்க அல்லேலூயா சொன்னது, நானும் சொன்னேன். சிங்கப்பூர் வேலை முடிந்து எல்லைப் பாலத்தின் நெரிசலில் மோட்டார் சைக்கிளில் வந்து சேரவே பாதிப் பொழுது போய்விடும் மனிதர், நீங்கள் வார்டில் இருந்த நாட்களில் விடுப்பு எடுத்து அடுக்களைக்குப் பெயிண்ட் அடித்தார். நீங்கள் கேட்டுக்கொண்டிருந்த அதே வெளிர்ப்பச்சை.

வார்டில் கடைசியாகப் பேசியது நினைவிருக்கிறதா? அண்ணன் ஒரு பக்கம் தண்ணீர்க் குடுவையோடு நின்றார், நான் ஒரு பக்கம். தலையணைக்கு அடியிலிருந்து அட்டையை எடுத்து என்னிடம் கேட்டீர்கள்.

"இத அவரு எனக்குன்னே குடுத்தாருன்னு நெனைக்கிறியா?"

"ஆமாக்கா."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தீர்கள். "சரி. குடுத்தாலும் குடுக்காட்டியும் அவரு தப்பு பண்றவரு இல்ல. நான் வீட்டுக்குப் போனாலும் போகாட்டியும் அவரு மாற மாட்டாரு. அத நம்பித்தான் படுத்திருக்கேன்."

"வீட்டுக்குத்தான் போற, சும்மா இரு" என்றார் அண்ணன்.

உங்களுக்குத் தெரிந்திருந்ததா இல்லையா என்று நான் இன்றுவரை உழன்றுகொண்டிருக்கிறேன். தெரிந்திருந்தால் ஏன் என்னைத் திட்டவில்லை? தெரியாவிட்டால் ஏன் அப்படிப் பார்த்தீர்கள்? இதை உங்களிடம்தான் கேட்க முடியும், கேட்கவும் முடியாது.

உங்களை அடக்கம் செய்த அடுத்த ஞாயிறு, பாடலுக்கு நடுவில் அண்ணன் உள்ளே வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராகப் பிரசங்க மேடைக்குப் போய் அட்டையை வைத்து உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். மூலை மடங்கியது அப்போதுதான். "இத ஒங்க கர்த்தர்கிட்டயே திருப்பிக் குடுத்துருங்க பாஸ்டர். சொன்ன சொல்லக் காப்பாத்தாதவரு ஏன் சொல்லணும்?" அவ்வளவுதான். படி இறங்கிப் போனார், மோட்டார் கிளம்பிய சத்தம் கேட்டது. அதற்கப்புறம் வரவில்லை.

இந்த மூன்று வருடத்தில் நான் எப்படி இருந்தேன் என்று கேட்டால், இருப்புக் கொள்ளாமல் இருந்தேன். அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தரம் போய்ப் பார்க்கிறேன். ஆண்டவர் நீதியுள்ளவர் என்று பாட்டில் வரும் இடத்தில் வாயை மட்டும் அசைக்கிறேன். சுகத்தைப் பற்றிய வசனங்களை அட்டையில் சேர்ப்பதே இல்லை, யாரும் கவனிக்கவும் இல்லை. சந்தையில் அண்ணனைப் பார்த்தால் என் பிள்ளைகளை விசாரிப்பார், சபை என்ற பேச்சை எடுத்ததும் தக்காளியைப் பொறுக்க ஆரம்பித்துவிடுவார். ஒரு மனிதர் மூன்று வருடமாக ஆண்டவரைப் பொய்யர் என்று நினைத்துக்கொண்டு பாலத்தில் போய் வருகிறார். பொய் சொன்னவள் முன்வரிசையில் நின்று பாடுகிறாள். நீங்கள் நம்பிய அந்த நீதி எங்கே என்று நானும் வானத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறேன், அது என் வாய்க்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது என்று தெரிந்துகொண்டே.

இழுப்பறையைத் திறந்தது நேற்று. இன்று ஆராதனை முடிந்ததும் பாஸ்டரிடம் சொன்னேன். ஒலிபெருக்கி வயரைச் சுற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அண்ணன்கிட்ட சொன்னியா?"

"இல்ல பாஸ்டர்."

"அப்ப ஏன் என்கிட்ட சொல்லிட்டு நிக்கிற? போயிட்டு வா."

போனேன். அண்ணன் வீட்டு முன்னால் குழாயைப் பிடித்து மோட்டாரைக் கழுவிக்கொண்டிருந்தார். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொன்னேன்.

"அண்ணே, அந்த அட்டைய அக்கா கூடைலேருந்து எடுக்கல. நான் கைக்குள்ள மறைச்சு வச்சிருந்து குடுத்தேன். அக்கா பயந்தாங்க, அதான்."

தண்ணீர் தரையில் ஓடிக்கொண்டே இருந்தது.

"அப்ப அவரு சொல்லவே இல்லயா?"

"சொல்லலண்ணே. நான்தான் சொன்னேன்."

குழாயை மூடினார். "மூனு வருஷமா அவர்கிட்ட பேசலம்மா நான். சாப்பாட்டுக்கு முன்னாடிகூடப் பேசல." குரல் உயரவில்லை. "நீ ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா."

உள்ளே போய்விட்டார். நான் கேட்டைத் திறக்கும்போது திரும்பி வந்தார். "அவளே எடுத்திருந்தா என்ன வந்திருக்கும்?"

வேதாகமத்தின் உறையிலிருந்து அதை உருவிக் கொடுத்தேன். "நானும் படிக்கலண்ணே" என்றேன். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஒரு முறை படித்தார், இன்னொரு முறை படித்தார். "ஆஸ்பத்திரில அவ சொன்னதுதான் இருக்கு" என்று என்னிடம் நீட்டினார். உங்களைச் சுகமாக்குவதாக அதில் ஒரு சொல்லும் இல்லை அக்கா. ஆண்டவர் செய்வதில் பிழை கிடையாது, அவர் சொல் மாறாதவர் என்பதுதான் அதன் சாரம். நான் இதை அற்புதம் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கூடையில் பாதி அட்டைகள் அப்படித்தான் இருக்கும், தட்டச்சு செய்தவளுக்குத் தெரியாதா. ஆனால் நீங்கள் அதைப் படிக்காமலே சொன்னீர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அண்ணன் அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நீ போம்மா. இப்ப ஒன்கிட்ட பேச முடியாது."

இந்த இடத்தில் கடிதத்தை நிறுத்தி வைத்திருந்தேன். இன்று புத்தாண்டு மதியம், மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

கூடையை வேறு யாராவது தூக்கட்டும் என்று பாஸ்டரிடம் கெஞ்சினேன். "இப்பதான் ஒன் கையில குடுக்கலாம்" என்று என்னிடமே கொடுத்தார். இந்த வருடம் சுகத்தைப் பற்றிய வசனங்களையும் சேர்த்திருந்தேன். யாருக்கு எது என்று தீர்மானிக்கும் வேலை என்னுடையது இல்லை. கடைசி வரிசைக்கு வந்தபோதுதான் பார்த்தேன். உங்கள் நாற்காலியில், மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு அண்ணன் உட்கார்ந்திருந்தார். கூடையை நீட்டினேன். அவர் கூடையைப் பார்க்கவில்லை.

"கையக் காட்டு" என்றார்.

கூடையைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். உள்ளங்கை, புறங்கை, மறுபடி உள்ளங்கை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் நிதானமாகப் பார்த்து முடித்துவிட்டு, ஹெல்மெட்டைக் கீழே வைத்து, கண்ணை மூடி, தானே ஓர் அட்டையை எடுத்தார். உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை, என்னிடம் சொன்னதும் இல்லை.

என் மேல் அவருக்குக் கோபம் போகவில்லை. வாசலில் என்னிடம் பேசாமல்தான் போனார். மூலை மடங்கிய உங்கள் இளநீல அட்டையை பாஸ்டரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன், இப்போது அது என் வேதாகமத்தில் இருக்கிறது. ஆண்டவர் சொல்லாததை அவர் பேரில் சொன்னவள் நான் என்பதற்கு அது அத்தாட்சி, தூக்கிப் போட மாட்டேன். விரலில் அந்த பிளாஸ்டிக் வாசம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது அக்கா. கை மட்டும் காலியாக இருக்கிறது.