சம்மனசுச் சட்டைக்கு முழுக்கை

நர்சம்மா,

நேற்று கோயில் சாமான் அறையில் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை வாசம் மூக்கில் ஏறியது. மேலாக, மாதா திருவிழாவில் தேவதூதர் வேடம் போடும் பிள்ளைகளுக்கு நீங்கள் தைத்த சம்மனசுச் சட்டைகள் இருந்தன. வெள்ளைப் பருத்தி, முழுக்கை, கழுத்துவரை பொத்தான்.

"சம்மனசுக்கு எதுக்கும்மா யூனிபார்ம் மாதிரிச் சட்டை?" என்று சிரித்தாள் கூட வந்த என் மகள். காலேஜ் படிக்கிறாள். நீங்கள் இதைத் தைத்த வருடம் அவளுக்கு ஆறு வயது, நினைவில்லை.

அந்த வருடம்வரை கையில்லாத மினுக்குக் கவுன்தான். வெறுந்தோளில் சிறகைக் கட்டி, ஜிகினாத் தூள் ஒட்டுவதற்காகத் தோளெல்லாம் தேங்காயெண்ணெய் தடவுவோம். தடவியது நான். பூசை முடிந்து மாதா சப்பரம் சம்மனசுகளோடு டிராக்டரில் கிளம்பினால், ஊரைச் சுற்றி வர மதியம் ஒன்றாகிவிடும்.

"மேல பந்தல் மாதிரி ஒரு வேட்டியக் கட்டிருவமா டீச்சர்? புள்ளைக சுட்டுப்போகுங்க" என்றீர்கள்.

"கட்டுனா றெக்கை தெரியாதுங்க. நம்ம புள்ளைகளுக்கு வெயில் என்ன புதுசா?"

"கருத்த தோலுன்னா வேகாதா டீச்சர்?"

நான் உங்கள் பேச்சைக் கேட்கவில்லை. நீங்கள் தண்ணீர்ப் பாட்டிலோடு டிராக்டர் கூடவே நடந்தீர்கள். வண்டி நின்ற இடத்திலெல்லாம் மற்ற பிள்ளைகள் இறங்கி நிழலுக்கு ஓடினார்கள். என் மகள் மாதாவுக்குக் கிரீடம் பிடிக்கும் சம்மனசு. அவள் இறங்கவே இல்லை.

சாயங்காலம் அவள் தோளைத் தொட்டால் கொதித்தது. நான் பற்பசையை எடுத்தேன். "பேஸ்டும் வேணாம், ஐஸும் வேணாம். பச்சத் தண்ணியில துணிய நனைச்சுப் போடுங்க. நெறையக் குடிக்கக் குடுங்க" என்று கையைத் தடுத்தீர்கள். காலையில் கொப்புளம். உடைக்கலாம் என்று நான் எடுத்த ஊக்கைப் பிடுங்கி உங்கள் சேலையில் குத்திக்கொண்டு, "குத்துனா சீழ் வச்சிரும்" என்றீர்கள். பிறகு எங்களை உங்கள் ஸ்கூட்டியில் ஏற்றிப் புதுக்கோட்டை டாக்டரிடம் கூட்டிப்போனீர்கள்.

திரும்பியதும் என் கணவர் கேட்டார்: "ஒரு நர்சு கூடவே நடந்துக்கிட்டு இதப் பாக்கலையாங்க?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் ஈரத் துணியை மடித்துக்கொண்டிருந்தேன்.

"கவனிச்சிருக்கணுந்தாங்க" என்றீர்கள்.

அவ்வளவுதான். அடுத்த ஊர்க் கூட்டத்தில் எழுந்து, "வெயில் தாழட்டும், அஞ்சு மணிக்கு எடுப்போம்" என்றீர்கள். பெரியவர்கள் முனகினார்கள், நீங்கள் உட்காரவில்லை. இன்றுவரை சப்பரம் ஐந்து மணிக்குத்தான் கிளம்புகிறது. சட்டைகளையும் நீங்களே தைத்தீர்கள். முதல் சட்டை என் மகள் அளவுக்கு.

போன ஐப்பசியில் உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்தபோது என் கணவர், "நல்ல மனுசி. அன்னைக்கு மட்டும் அசந்துட்டாங்க" என்றார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, நர்சம்மா.

நேற்று பெட்டி அருகே உட்கார்ந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அந்தச் சின்னச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "அப்பாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லவா?"

இன்று மதியம் சாப்பாட்டின்போது நானே சொன்னேன். அவர் பாதிச் சோற்றில் கையை எடுத்துவிட்டார். ஏசுவார் என்று இருந்தேன். எழுந்து கை கழுவி, செருப்பை மாட்டினார்.

"எங்கிட்டுப் போறீங்க?"

"கல்லறைக்கு. அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வாரேன்."

மணி ஒன்றரை. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை.

"வெயில் தாழட்டும்" என்றேன். "அஞ்சு மணிக்கு ரெண்டு பேருமாப் போவோம்."

சொன்ன பிறகுதான் தெரிந்தது, அது உங்கள் பேச்சு.