உமையாள் பேரில் ஒரு காசோலை

பினாங்கு, சூலியா தெரு

அன்புள்ள அழகம்மைக்கு,

நான் நலம். தையல் போட்ட இடத்தில் வலி குறைந்ததா? வேளைக்குச் சாப்பிடு. அப்பச்சிக்கு என் வணக்கம்.

இங்கே ஒரு சின்ன விஷயம். குழந்தை பிறந்த சேதி கேட்டதும் எங்கள் ஆபீஸ் லோயர் தேனம்மை ஆச்சி காசோலை தந்தார் அல்லவா? "பிள்ளைக்குக் குடுக்கிறதைப் பிள்ளை பேர்லதான் குடுக்கணும்" என்று, நாம் முடிவு செய்திருந்த உமையாள் என்ற பெயரையே எழுதி, மூலையில் இரண்டு கோடும் போட்டு, 'பெறுபவர் கணக்கில் மட்டும்' என்று குறித்திருந்தார். அப்படிக் குறித்துவிட்டால் அது கைமாற்ற முடியாத ஆவணம். பெயருக்கு உரியவரைத் தவிர யாருக்கும் செல்லாது. வக்கீல் ஆபீசுக்கு வருகிறவர்களுக்கு இதைத் தினமும் விளக்குவதுதான் என் வேலை.

நேற்று ஆச்சி தயங்கித் தயங்கிக் கேட்டார். "அந்தச் செக்கைக் கொண்டாங்க தம்பி. கிழிச்சிட்டு உங்க பேர்ல எழுதித் தர்றேன் லா."

"தொலைஞ்சு போச்சு ஆச்சி" என்றேன். அவரிடம் நான் சொன்ன முதல் பொய்.

பெயர் சூட்டுவதற்குள் போய்விட்டாளே நம் பெண். பிறப்புச் சான்றிதழில்கூடப் பெயர்க் கட்டம் காலிதான். அவள் பெயரை எழுதிய காகிதம் இது ஒன்றுதான் அழகம்மை. சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன்.

முடிந்தால் கொஞ்சம் பருப்புப்பொடி அனுப்பு. கடைச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆச்சி கூப்பிடுகிறார். நம் பெண்ணுக்குத் தைத்த சட்டைகளை உன் தங்கை மகளுக்குக் கேட்கிறார்கள் என்றாயே, கொடுத்துவிடாதே.

நாச்சியப்பன்