மூன்று நட்சத்திரம்

ஆரணி,
3.9.2024

அன்புள்ள கணக்கு சாருக்கு,

சுப்பராயலு எழுதுவது. வீட்டில் நானும் கெங்கம்மாளும் நலம். உங்கள் மந்தக் காதோடு போனில் பேசி இருவருக்கும் தொண்டை கட்டியதுதான் மிச்சம். நமக்குக் கடிதமே சரி.

மூன்றாவது நாவலையும் இணையத்தில் ஏற்றிவிட்டேன். எழுதியவனே பிழை திருத்தி, அட்டை செய்து, விற்கவும் வேண்டும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையே பந்தி பரிமாறுவதை நினைத்துப் பாருங்கள், அதுதான் என் நிலை. காலையில் ஃபேஸ்புக்கில் நாவலிலிருந்து ஒரு பத்தி போடுகிறேன். யார் பார்த்தார்கள் என்று பார்ப்பதிலேயே பொழுது போய்விடுகிறது.

நேற்று பட்டுக்கடை ரஞ்சித்குமார், நம்மிடம் படித்தவன், கடைத்தெருவில் வண்டியை நிறுத்தினான். "சார், உங்க நாவலுக்கு டெய்லி ஹார்ட்டு போட்டுகினு இருக்கறேன், பாக்கறீங்களா?"

"படிச்சியாப்பா?"

"அதுக்கு எங்க சார் டைமு? ஹார்ட்டு மட்டும் கரெக்டா வந்துடும்."

சிரித்துவிட்டு வந்தேன்.

சிரிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. போன வாரம் யாரோ ஒருவர் என் மூன்று நாவல்களுக்கும் ஒரே நாளில், ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் போட்டிருக்கிறார். பெயர் இல்லை, ஒரு வரி கருத்தும் இல்லை. அந்த இணையக் கடையில் ஐந்து இருந்தால்தான் புத்தகம். மூன்று என்றால் தாண்டிப் போங்கள் என்று அர்த்தம். திட்டியிருந்தாலாவது எங்கே சறுக்கினேன் என்று தெரிந்திருக்கும். விடைத்தாளில் எங்கும் சிவப்பு மை படாமல் மதிப்பெண்ணை மட்டும் போட்டுத் திருப்பித் தந்தது போல் இருக்கிறது.

மூன்றையும் படித்த மனிதர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். நீங்கள் போனில் படிக்கிற ஆள் இல்லை. அவருக்கே இவ்வளவுதான் என்றால் நான்காவதை யாருக்காக எழுதுவது? பாதியிலேயே கட்டி அலமாரியில் வைத்துவிட்டேன். "கண்ணுக்காவது ரெஸ்ட்டு" என்கிறாள் கெங்கம்மாள்.

அன்புடன்,
சுப்பராயலு


சேத்துப்பட்டு,
3.9.2024

மதிப்பிற்குரிய தமிழய்யாவுக்கு,

சக்கரவர்த்தியின் வணக்கம். உங்களிடமிருந்து கடிதம் வந்து ரொம்ப நாளாகிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

ஒரு சேதி. மகள் சுபலட்சுமி எனக்குப் பெரிய போன் வாங்கிக் கொடுத்தாள். எழுத்தைப் பெரிதாக்கி, உங்களிடம் மூச்சு விடாமல், மூன்று நாவல்களையும் படித்துவிட்டேன். பக்கத்துக்கு ஐந்தாறு வரிதான் தெரியும். மெதுவாகத்தான் போனது. முடித்ததும் போனே மதிப்பெண் கேட்கிறது! என்னிடம் கேட்கலாமா?

"அஞ்சு போடுப்பா, ஐயா சந்தோஷப்படுவாரு" என்றாள் மகள்.

"சந்தோஷத்துக்கா மார்க்கு போடறது? கட்டுரைக்கு எவனாவது நூத்துக்கு நூறு போடுவானா? மூணு போடு. அறுபது பர்சென்ட்டு. ஃபர்ஸ்ட் கிளாஸு."

"உன்கிட்ட படிச்சதுங்கள்லாம் ரொம்ப பாவம்பா" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆக, மூன்றிலும் முதல் வகுப்பு! என் கையால் அதை வாங்கியவர்கள் எத்தனை குறைவு என்று உங்களுக்கே தெரியும். இனிப்போடு வந்து சேருங்கள். நான்காவது எப்போது?

தங்கள்,
சக்கரவர்த்தி


சேத்துப்பட்டு,
7.9.2024

தமிழய்யாவுக்கு,

நம் கடிதங்கள் இரண்டும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. உங்களுடையதைப் படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே அறுபதுக்கு அப்படி ஒரு அர்த்தம் இருக்கும் என்று நான் கண்டேனா? உடனே சுபலட்சுமியை உட்காரவைத்து மூன்றையும் ஐந்தாக மாற்றிவிட்டேன். "இத அன்னிக்கே சொன்னேன் இல்ல?" என்று இன்னும் திட்டிகினுதான் இருக்கிறாள்.

மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். கட்டைப் பிரித்து எழுதுங்கள்.

தங்கள்,
சக்கரவர்த்தி


ஆரணி,
12.9.2024

அன்புள்ள கணக்கு சாருக்கு,

உங்கள் முதல் கடிதம் வந்ததும் கெங்கம்மாளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். "அறுபதுக்கா இந்தக் குதி குதிக்கறீங்க?" என்றாள். அவளுக்கு எப்படித் தெரியும்? தலைமையாசிரியர் தன் மகனுக்காக ஒரு மதிப்பெண் கேட்டு உங்கள் மேசை அருகே நின்றதும், நீங்கள் தலையைத் தூக்காமல் அடுத்த தாளைத் திருத்தியதும் பார்த்தவன் நான். அன்று முழுக்க நான் தேர்வில் தேறிய பையனாகவே சுற்றிக்கொண்டிருந்தேன்.

உங்கள் இரண்டாவது கடிதம் அந்தத் தேர்ச்சியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டது. இப்போது போனைத் திறந்தால் மூன்றுக்கும் ஐந்தைந்தாக மின்னுகிறது. ரஞ்சித்குமாரின் ஹார்ட்டுக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கோபமில்லை சார், அலுப்புதான். என் முகம் வாடுமே என்று நீங்களுமா மதிப்பெண்ணைக் கூட்டிவிட்டீர்கள்?

தயவுசெய்து பழையபடி மூன்றே போடுங்கள். அதைப் பார்த்துத் தாண்டிப் போகிறவர்கள் போகட்டும். இப்போதும் அங்கே கூட்டம் ஒன்றும் நிற்கவில்லை.

நான்காவதில் எழுதிய வரைக்கும் அச்செடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். முடிப்பேனா என்று தெரியவில்லை, இப்போதைக்குத் தெம்பில்லை. முதல் மூன்றிலும் அந்த இரண்டு நட்சத்திரம் எங்கே குறைந்தது என்று நீங்கள் சொல்லவே இல்லை. இதிலாவது காட்டுங்கள். நீங்கள் எழுதுவதற்காக ஓரத்தில் அகலமாக இடம் விட்டிருக்கிறேன்.

சிவப்புப் பேனா உங்களிடமே இருக்கும்.

அன்புடன்,
சுப்பராயலு