நடுவில் இருந்த என் பெயர்

ஹம்டிக்,
ஜூலை 9, புதன்கிழமை.

என் இண்டாய், என் செல்ல மகள் ஜோனாபெல்லுக்கு,

அம்மா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடாதே. உன்னிடம் போன் தரக்கூடாது, கடிதம் தரலாம் என்று டாக்டரம்மா சொன்னதாக அப்பா வந்து சொன்னார். அன்றிலிருந்து நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் பேனா பிடித்ததெல்லாம் கடை வாசலில் "இன்று மீன் குழம்பு" என்று அட்டையில் எழுதத்தான். கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இங்கே பன்றி ஒன்பது குட்டி போட்டது. ஒன்று போய்விட்டது, எட்டு நன்றாக இருக்கிறது. பக்கத்து வீட்டு லூரிங் அக்கா, "பொண்ணு வந்ததும் இஞ்சி தட்டிப் போட்டு கோழிக்கஞ்சி வச்சுக் குடு" என்று ஒரு சேவலைக் கொண்டுவந்து நம் வாசலில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாள். அது கூவிக் கூவி என் உயிரை வாங்குகிறது. ஆனாலும் அதை அவிழ்த்துவிட மனம் வரவில்லை.

போன வாரக் காற்றில் சமையல்கட்டுக் கூரையில் ஒரு தகடு பறந்துவிட்டது. அப்பா அந்தப் பேனரைப் போட்டு ஓட்டையை மூடினார். எந்தப் பேனர் என்று உனக்குத் தெரியும். வெளியே யார் கண்ணிலும் படக்கூடாது என்று உன் படம் உள்பக்கம் வரும்படி விரித்திருக்கிறார். அடுப்படியில் நின்று நிமிர்ந்தால் நீ வெள்ளைத் தொப்பியோடு சிரித்துக்கொண்டிருக்கிறாய். கீழே "தேர்வில் வென்ற எங்கள் செவிலியர் ஜோனாபெல் பாபலினாஸ் ரெயேஸ்" என்று இருக்கிறது. நடுப்பெயருக்கு முதலெழுத்து மட்டும் போதும் என்றுதான் அச்சுக்கடைக்காரர் சொன்னார். நான் விடவில்லை. "பெத்தவ நானு, எங்க வீட்டுப் பேரு முழுசா வரணும்" என்று மல்லுக்கட்டி வாங்கினேன். தேர்வு முடிவு வர இன்னும் ஒரு மாதம் இருந்தது. எனக்கு அவ்வளவு அவசரம்.

முடிவு வந்த செவ்வாய்க்கிழமை காலையில் நீ இலோய்லோ நகரத்துக்குப் புறப்படும்போது என் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாய். "ஆசீர்வாதம் பண்ணும்மா, பயமா இருக்கு" என்றாய். "என்னடி பயம், பேனர் கூட ரெடி" என்று சிரித்தேன். மதியம் கடையில் கூட்டம். லூரிங் அக்கா பட்டியல் வந்துவிட்டது என்று கத்தினாள். சோற்றுக் கரண்டியைப் போட்டுவிட்டுப் போனை எடுத்தேன். "ரெயேஸ், ஜோனாபெல்" என்று பார்த்தேன். அதோடு நிறுத்திவிட்டேன். அதற்கு அடுத்தது நடுப்பெயர், அம்மா வீட்டுப் பெயர். அங்கே ராமோஸ் என்று இருந்தது, அது வேறு யாரோ பெற்ற பெண். பேனரில் சண்டை போட்டு ஏற்றிய என் சொந்தப் பெயரை, பார்க்க வேண்டிய இடத்தில் நான் பார்க்கவில்லை, மகளே. அடுத்த நிமிடமே பேனர் படத்தை உன் பெயரோடு கோர்த்து முகநூலில் போட்டேன்.

நீ பஸ்ஸில் வரும்போதே முந்நூறு பேர் வாழ்த்தியிருந்தார்கள். நீ வீட்டுக்கு வந்து, என்னைச் சமையல்கட்டுக்கு இழுத்துப்போய், "அம்மா, அது நான் இல்ல. நான் பாஸ் பண்ணல. உடனே எடுத்துடும்மா" என்று சொன்னாய்.

இனி எழுதப்போவதை உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை. நீ சொன்னதுமே அது உண்மை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும்தான், "பொறுடி, பட்டியலத் திருத்தினாலும் திருத்துவாங்க" என்றேன். துபாயிலிருந்து என் தம்பி அழுதுகொண்டே பேசியிருந்தான். பாதிரியார் வாழ்த்து எழுதியிருந்தார். பதினெட்டு வருடமாக என் கையால் சாப்பிட்டும் என் பெயரைக் கேட்காதவர்கள் "மேடம், கொடுத்து வச்சவங்க நீங்க" என்று எழுதினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. நீ உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருக்க, நான் வெளியே உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். இப்படியே மூன்று நாள்.

மூன்றாம் நாள் யாரோ பட்டியலையும் பேனரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டுவிட்டார்கள். "பாஸாகாத நர்ஸம்மா, எனக்கு ஒரு ஊசி போடுங்க" என்று ஒருவன் எழுதினான். உன்னோடு படித்த பெண்களே சிரித்தார்கள். அப்போதாவது எடுத்திருக்கலாம். நான் ஒருத்தர் விடாமல் சண்டைக்குப் போனேன். நான் பதில் எழுத எழுத அது இன்னும் நாலு பேர் கண்ணுக்குப் போகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நீ சொன்னாய். நான்தான் கேட்கவில்லை.

அதன்பிறகு நீ போனைக் கீழே வைக்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாய். போன் "டிங்" என்றால் தோள் தூக்கிப்போடும். பிறகு கடையில் கரண்டி விழுந்தாலும் தூக்கிப்போட்டது. "மூச்சு முட்டுதும்மா" என்றாய். "அதப் பாக்காம இருந்தா எல்லாம் சரியாப் போகும்" என்றேன், என் போனிலிருந்து கண்ணை எடுக்காமல். உன் அப்பா குளியலறைக் கதவை உடைத்த அந்தக் காலையிலும் என் கையில் போன் இருந்தது. உடைத்த சத்தத்தில்தான் கீழே போட்டேன்.

"அவ கையில மட்டும் இல்ல, உங்க கையிலயும் கொஞ்ச நாளைக்கு அது வேண்டாம்" என்று டாக்டரம்மா சொன்னார். அன்றே லூரிங் அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அவசரமென்றால் அவள் வந்து சொல்லுவாள். பதிவு போய்விட்டது. நான் அழித்தேன் என்று பெருமை பேச மாட்டேன், உன் அப்பாதான் அழித்தார். எனக்கு இன்னும் கை பரபரக்கிறது. சோறு வடிக்கும்போது இடுப்புத் துணியைத் தடவிப் பார்க்கிறேன். இந்த வயதில் எனக்கே இப்படி இருந்தால், உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் உறைக்கிறது.

அப்பாவை மட்டும் பார்க்கிறேன், அம்மா வேண்டாம் என்று நீ சொன்னது நியாயம்தான். ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று. ஒவ்வொரு ஞாயிறும் அதே பஸ்ஸில் நானும் வருகிறேன். ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரே வாழைப்பழ வறுவல் விற்கிறவளின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அப்பா வெளியே வந்து, "சாப்பிட்டா" என்பார். ஒரு வாரம், "லேசா சிரிச்சா" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். யாரைப் பார்த்துச் சிரித்தாய், எதற்குச் சிரித்தாய் என்று மனுஷருக்குச் சொல்லத் தெரியவில்லை.

நீ மறுபடி தேர்வு எழுத வேண்டாம். எழுதினாலும் யாருக்கும் சொல்ல மாட்டேன். நீ நர்ஸாகவும் வேண்டாம், ஒன்றுமாகவும் வேண்டாம். உயிரோடு இரு, அது போதும். இதை அன்றைக்குச் சமையல்கட்டில் சொல்லியிருக்க வேண்டும்.

வரும் ஞாயிறும் அந்த பெஞ்சில்தான் இருப்பேன். கூப்பிடத் தோன்றினால் அப்பாவிடம் ஒரு தலையசைப்பு போதும். நீ என்னிடம் பேச வேண்டாம், மன்னிக்கவும் வேண்டாம். உன்னை ஆசீர்வதிக்க இந்தக் கைக்கு இப்போது தகுதி இல்லை. உன் கையை மட்டும் நீட்டு, இண்டாய். இந்த முறை நான் குனிந்து அதை என் நெற்றியில் வைத்துக்கொள்கிறேன்.

உன் அம்மா,
எர்லிண்டா பாபலினாஸ்