லெமன் பை செய்து காட்டிய வாரம்

ஜூன் 18, புதன்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. குடமுருட்டி ஆற்றில் தண்ணீர் இன்னும் இல்லை. கல்லணையைத் தாண்டிவிட்டதாகச் சொல்கிறார்கள். நாற்றங்காலுக்கு இன்றும் போர்வெல் தண்ணீர்தான்.

விசாலத்தின் பெயர் பதவி உயர்வுப் பட்டியலில் வந்துவிட்டது. தலைமையாசிரியை. (இனி இதில் ‘வி.’ போதும். இந்த வாரம் முழுக்க என் பெண்டாட்டி பெயரைத்தான் எழுதப்போகிறேன்.) செவ்வாய்க்கிழமை திருவாரூரில் கலந்தாய்வு. பக்கத்தில் எங்கும் காலியிடம் இல்லை. நீலகிரி, கிருஷ்ணகிரி என்று தூரத்து ஊர்கள்தான்.

இதற்கு முன் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் வேண்டாமென்று உரிமை விடல் கடிதம் கொடுத்துவிட்டாள். ஒருமுறை மகள் நித்யாவின் பத்தாம் வகுப்பு. இன்னொரு முறை என் முதுகு ஆபரேஷன். கடிதம் இரண்டையும் எழுதியது நான். என் எழுத்து அழகாக இருக்குமாம். போய்த்தான் பாரேன் என்று ஒரு வார்த்தை அப்போது சொல்லவில்லை. அது இன்னும் உறுத்துகிறது. அவள் ஓய்வு பெற நாலு வருஷம்தான். இது கடைசி.

இன்று சொன்னேன். “நீ போ. நான் இங்க பாத்துக்கிறேன்.”

“எதைப் பாத்துப்பீங்க? பால் பொங்கறதையா?”

“என்ன வேணும்னாலும் சொல்லு, செஞ்சு காட்டுறேன்.”

சிரித்தாள். “போன வருஷம் பாண்டிச்சேரில லெமன் பை சாப்பிட்டோமே, அதைச் செய்யுங்க. செஞ்சுட்டீங்கன்னா போறேன்.”

ரசம் என்று சொல்லியிருக்கலாம். வாய்க்கொழுப்பு யாருக்கு என்று தெரியவில்லை, எனக்கா அவளுக்கா.

ஜூன் 19, வியாழன்

நித்யா சென்னையிலிருந்து போனில் சொன்னது:
மேரி பிஸ்கட் 2 பாக்.
வெண்ணெய்
டின் பால் 1 (கெட்டியாக, இனிப்பாக இருக்குமே, அது)
முட்டை 3, மஞ்சள் கரு மட்டும்
எலுமிச்சை 6
ஓவன் — இல்லை. பழைய குக்கரில் அடியில் மணல். கேஸ்கட், வெயிட் கூடாது.

வலங்கைமானில் மூன்று கடை ஏறி இறங்கியும் டின் பால் இல்லை. டின்னில் இருப்பதும் பால்தானே என்று ஒரு லிட்டர் பாலைச் சர்க்கரை போட்டுச் சுண்டக் காய்ச்சினேன். எலுமிச்சை பிழிந்தேன். கண்ணெதிரே திரிந்தது.

“அப்பா, அதுக்குப் பேரு பன்னீர்ப்பா,” என்றாள் நித்யா. ஐந்து நிமிஷம் சிரிப்பு. போன் காசு அவளுடையது.

வி. ஸ்கூலிலிருந்து வந்து பார்த்தாள். வடிகட்டி, ஏலக்காய் போட்டுக் கிளறி, கிண்ணத்தில் கொடுத்தாள். நன்றாக இருந்தது. அதற்காக அவளைப் பிடிக்கும், வேறு நூறு காரணமும் உண்டு.

ஜூன் 20, வெள்ளி

பஸ் ஏறி கும்பகோணம். டின் பால் கிடைத்தது. ஒன்று போதும், மூன்று வாங்கினேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

கடை எலுமிச்சையில் சாறே இல்லை. கொல்லையில் நார்த்தை காய்த்துக் குலுங்குகிறது. அதுவும் புளிப்புதானே. ஆறு காயை நறுக்கித் தட்டில் வைத்துவிட்டு வயல் வரை போய்வந்தேன். பாத்திரம் தேய்க்க வந்த செல்வி அத்தனையிலும் உப்பை அடைத்து, ஜாடியில் போட்டு, மாடியில் வெயிலுக்கு வைத்துவிட்டிருந்தாள்.

“நார்த்தங்காய நறுக்கி வச்சா உப்பு போடாம வேற என்னங்கய்யா பண்ணுவாங்க?”

அறுபது வருஷமாக நானும் வேறெதற்கும் அதை நறுக்கிப் பார்த்ததில்லை.

ஜூன் 21, சனி

வி.க்கு லீவு. கூடத்தில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துவது போல் பாவனை. காது முழுக்க அடுப்படியில்.

பிஸ்கட்டைப் பொடித்து வெண்ணெயில் பிசைந்து தட்டில் அழுத்தினேன். புதிதாகப் பறித்த நார்த்தங்காயைப் பலம் கொண்ட மட்டும் பிழிந்தேன். மணல் சூட்டில் அரை மணி. பார்க்க அழகு. வாயில் வைத்தால் கசப்பு, வேப்பிலைக் கொழுந்து தோற்றது.

முகம் சுளிக்காமல் முழுத் துண்டையும் சாப்பிட்டாள். “அடிப்பக்கம் நல்லா வந்திருக்கு.” கொஞ்ச நேரம் கழித்து, சுவரைப் பார்த்து, “உள்தோல் நசுங்காம லேசா பிழிஞ்சா கசக்காதுன்னு சொல்வாங்க.”

போகமாட்டேன் என்பவள் எதற்கு யோசனை சொல்கிறாள்? சாயங்காலம் அவள் போனில் பார்த்துக்கொண்டிருந்தது ஊட்டிப் பக்கத்துக் குளிர் எவ்வளவு என்று.

ஞாயிறு நாற்றங்கால் வேலை. எழுதவில்லை.

ஜூன் 23, திங்கள்

தண்ணீர் வந்துவிட்டது. கலங்கல், ஓரமெல்லாம் நுரை.

வி. ஸ்கூல் போனதும் ஆரம்பித்தேன். எலுமிச்சை பாதி, நார்த்தை பாதி. லேசாகப் பிழிந்தேன். மேல்தோல் கொஞ்சம் துருவிப் போட்டேன். ஆறவைத்து ஃப்ரிட்ஜில் மூன்று மணி நேரம். தட்டை ஆட்டினேன், அசையவில்லை. ஓரத்தில் கிள்ளி வாயில் போட்டேன்.

வந்துவிட்டது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இந்த வீட்டில் நாலு வருஷம் தனியாக. ஒரு மூடியைப் போட்டு மூடி, மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் தள்ளிவைத்தேன்.

ஐந்து மணிக்கு வந்தாள். “என்னாச்சு?”

“சரியா வரல.”

“சரி,” என்று முகம் கழுவப் போனாள். வர நேரமானது. இட்லி ஊற்ற மாவை எடுத்தபோது பார்த்துவிட்டாள். நின்றபடியே ஒரு துண்டு வெட்டிச் சாப்பிட்டாள். இன்னொன்று.

“நல்லாத்தானே வந்திருக்கு. ஏங்க பொய் சொன்னீங்க?”

“நீ போயிடுவியே.”

எனக்கும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “எனக்கும் பயமாத்தான் இருக்கு. சரியா வரலைன்னு நீங்க சொன்னதும் அப்பாடான்னு இருந்துச்சு. உள்ள போயி முகம் கழுவறப்ப அழுகையா வந்துருச்சுங்க.”

இருவருமாகத் தட்டைக் காலி செய்தோம்.

ஜூன் 24, செவ்வாய்

6.30 பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். கூட வரட்டுமா என்றதற்கு, “வேணாம். நீங்க நின்னா உங்க மூஞ்சியப் பாத்துட்டு வேணாம்னு எழுதிக் குடுத்துருவேன்.”

வயலில் சேறடிக்க டிராக்டர். டிரைவர் இரண்டு தரம் ஏதோ கேட்டார். இரண்டு தரமும் சரி என்றேன். எதற்குச் சரி சொன்னேன் என்று தெரியவில்லை.

11.40க்கு போன்.

“எடுத்துட்டேங்க. நீலகிரியில, கூடலூர் பக்கம் ஒரு ஸ்கூலு.”

“நல்லது.”

“பொண்ணுங்க நெறைய படிக்கிறாங்களாம். கட்டடம் புதுசாம்.”

“நல்லது விசாலம்.”

டிராக்டர் சத்தம். வரப்பில் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றேன்.

“என்னங்க, அழுவுறீங்களா?”

ஆமாம் என்றேன்.